உறுப்பும் முழுமையும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரியை நோக்கிச் செல்வோர் இடையில் காணும் கூனிமேட்டில், இரும்பின் அநித்தியத்தை உணர்வதற்கு எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை. உவர்க்காற்றில் கிடக்கும் சைக்கிளின் செயின் கண்ணிகள் இறுகும். ஸ்போக்ஸ் கம்பிகள் துருவேறி நிப்பிளோடு ஒட்டிக்கொள்ளும். அச்சின் குண்டுகள் கரகரக்கும். இவ்வாறு கெட்ட உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, முதலில் வாங்கியது ஒன்றுமே எஞ்சாத நிலையிலும், உடையவன் அதனைத் தன் பழைய வண்டி என்றே சொல்வானாயின், அவன் சுட்டும் பொருள் யாது?

வினா பழையது. தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று யவன அரசனாகிய மிலிந்தனை வினவிய பௌத்தத் துறவி நாகசேனர், உறுப்புகளின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவியதை மிலிந்த பஞ்ஹா என்னும் நூல் கூறும். நியாய வைசேஷிகரோ, உறுப்புகளாகிய அவயவங்களுக்கு வேறாக, முழுமையாகிய அவயவி என்றொரு பொருள் உண்டென்றும், அது சமவாயம் என்னும் நித்திய சம்பந்தத்தால் அவற்றில் தங்கியுள்ளதென்றும் கொண்டனர்.

இவ்விரு கட்சிகளையும் சோதிக்க, சாலைச் சைக்கிளின் உறுப்பை மலைச் சைக்கிளில் பூட்ட முயல்வதினும் நல்ல உபாயம் இல்லை. பெடலின் மரை இரண்டிற்கும் பெரும்பாலும் ஒன்றே. 29 அங்குல மலைச் சைக்கிளின் டயரும் 700சி சாலை டயரும் அமரும் ரிம்மின் விட்டம் ஒரே 622 மில்லிமீட்டர்தான். எனினும் மலை டயரின் பருமனுக்குச் சாலைச் சைக்கிளின் ஃபோர்க் இடங்கொடாது. சாலைச் சைக்கிளின் பிரேக் பிடி இழுக்கும் கம்பியின் நீளம் மலைச் சைக்கிளின் வி பிரேக்குக்குப் போதாது. ஷிமானோ நிறுவனத்தின் 9 பல்சக்கர அமைப்புவரை இருவகை வண்டிகளுக்கும் பொதுவாக உதவிய, செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லர், 10 பல்சக்கரம் வந்தபோது மலைச் சைக்கிளுக்கெனக் கம்பியிழுப்பின் விகிதம் மாற்றப்பட்டதால், சாலைச் சைக்கிளின் கியர் பிடியோடு இசையாது போயிற்று.

இங்கே பிடியிலும் குற்றமில்லை, டீரெய்லரிலும் குற்றமில்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்தால் செயின் உரிய பல்லில் அமராமல் தடுமாறுகிறது. முழுமை வெறும் பெயரளவே எனின், குற்றமற்ற இரு உறுப்புகள் கூடிய இடத்தில் இக்குற்றம் எங்கிருந்து பிறந்தது? உறுப்புகளுக்கு இடையே உள்ள சம்பந்தமும் உறுப்புகளைப் போலவே மெய் என்பதைப் பொருந்தாமையே நிரூபிக்கிறது. ஆனால் அச்சம்பந்தம் நித்தியமும் அன்று. மனிதர் வகுத்த அளவு மனிதராலேயே மாறுகிறது. ஆகவே நாகசேனரின் மறுப்பையும் வைசேஷிகரின் துணிபையும் பாதி பாதியாகவே ஏற்க வேண்டியிருக்கிறது.

சமயங்கள்தோறும் சிறந்தவற்றைப் பொறுக்கித் தொகுத்தால் சர்வசமயம் ஒன்று அமைந்துவிடும் என்று நம்பும் நல்லோருக்கும் இதுவே விடை. பசித்தவனுக்குச் சோறிடுதல் பெடலின் மரைபோல எங்கும் பொருந்தும்; ஒரு நோன்போ, ஒரு தீட்சையோ, தான் பிறந்த நெறியின் பிற உறுப்புகளோடு இசைந்தே தன் பயனைத் தரும். பிறர் நெறியில் ஒன்றைக் கண்டு வியந்து அதனைத் தன்னுடையதாக்க விரும்புவோர், அது சிறந்ததா என்று கேட்பதற்கு முன்னர், எதனோடு சேர்ந்து அது இயங்குகிறது என்று கேட்பாராக.