கழற்றும்போது தெரிவது

பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஒல்டர்நேட்டர் பழுதான வண்டி உடனே நின்றுவிடுவதில்லை. பழைய டீசல் வேன் என்றால் கேட்கவே வேண்டாம். நசுங்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். டீசல் பம்பில் இருக்கும் சின்னச் சொலினாயிடைத் திறந்து வைக்கும் அளவுக்கு பெட்டரியில் உயிர் இருந்தால் போதும், வண்டி பாட்டுக்கு ஓடும். ஆகவே 'நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது' என்பதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. நேற்று அது கையிருப்பில் ஓடியிருக்கலாம்.

*

எங்களுடையது 'டொல்பின்' என்று எல்லோரும் கூப்பிடும் பழைய ஹைஏஸ். கண்டி டவுனுக்குள் பகலில் ஓட்டும்வரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மஹியங்கனை வீதியில் தெல்தெனிய தாண்டி ஏற ஆரம்பித்தால் கதை வேறு. ஹுன்னஸ்கிரிய சந்திக்கு வருமுன்னே பனிமூட்டம் வீதியில் இறங்கிவிடும். மத்தியானத்திலும் ஹெட்லைட் போட வேண்டும். 55 வாட் பல்புகள் இரண்டு என்றால் அதற்கே கிட்டத்தட்ட 9 அம்பியர். வைப்பர், கண்ணாடியின் ஆவியைப் போக்கும் புளோவர், பின்விளக்குகள் எல்லாம் அதற்கு மேலே. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கேதான் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கூடவே டேஷ்போர்டில் பெட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு, எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மினுங்கியது. அப்படி அரைகுறையாக மினுங்கினால் உள்ளே டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது ரோட்டருக்கு மின்சாரம் கடத்தும் காபன் கட்டை தேய்ந்திருக்கலாம்.

*

பாகத்தை வாங்குவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பெட்டரி நல்ல நிலையில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் 13.8க்கும் 14.4க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறாமல் மெல்ல மெல்ல இறங்கினால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பெட்டரித் தண்ணீர் கொதித்துப் போகும். எங்கள் மீட்டர் 12.3 காட்டியது. லைட்டைப் போட்டதும் 11.9.

எஞ்சின் ஓடும்போதே பெட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில கராஜ்களில் இருக்கிறது. தோட்டத்து லேண்ட்ரோவர்களில் டைனமோ இருந்த காலத்திலிருந்து கைமாறி வந்த சோதனை அது. டைனமோ அதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஒல்டர்நேட்டருக்குள் சிலிக்கன் டயோடுகள் இருக்கின்றன. பெட்டரி திடீரென்று விலகினால் மின்னழுத்தம் துள்ளி அவற்றைக் கொன்றுவிடும். 1960இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஒல்டர்நேட்டரைப் பொருத்தியது. அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியவை அந்தச் சின்ன டயோடுகள்தாம். கருவி மாறிப் பல காலம் ஆகியும் அதைச் சோதிக்கும் கை மாறவில்லை.

*

மின்சாரம் உண்டாக்கும் கருவிக்கு, தொடங்குவதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். நடுவில் சுழலும் ரோட்டரின் சுருளுக்குள் பெட்டரியிலிருந்து சிறிது போனால்தான் அது காந்தமாகும். காந்தமானால்தான் சுற்றியுள்ள ஸ்டேட்டரில் மின்சாரம் பிறக்கும். தயிருக்கு உறைமோர் போல. பல பழைய வண்டிகளில் அந்த முதல் துளி, டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு வழியாகவே போகிறது. சில நேரம் அந்தப் பல்பு பியூஸ் ஆனாலே சார்ஜ் நின்றுவிடும். எச்சரிப்பதற்காக மட்டும் இருக்கிறது என்று நாம் நினைக்கும் விளக்கு, தொடக்கி வைக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த வீதிக்குக் கீழே பள்ளத்தாக்கில் விக்டோரியா நீர்த்தேக்கம். 122 மீற்றர் உயர அணை, 1985இல் திறந்தது, 70 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. அவையும் இதே இனம்தான். அவற்றின் ரோட்டருக்கும் முதலில் கொஞ்சம் ஊட்ட வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் நாடே இருண்டது என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். அப்படி எல்லாம் அணைந்துபோகும் நாட்களில் வெளியிலிருந்து ஊட்ட மின்சாரம் இருக்காது. நீர்மின் நிலையங்கள் தங்கள் பெட்டரியையும் சிறு ஜெனரேட்டரையும் நம்பித்தான் முதலில் எழ வேண்டும். இத்தனை பெரிய அணையும் ஒரு அறை பெட்டரியில் தொங்கும் நேரங்கள் உண்டு. அந்த நீருக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. சுவிட்சைப் போடும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

*

கழற்றும் வேலை பெட்டரியின் நெகட்டிவ் வயரில் தொடங்குகிறது. ஒல்டர்நேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயர், சாவி போட்டாலும் போடாவிட்டாலும் நேராக பெட்டரியோடு பேசிக்கொண்டிருக்கும். ஸ்பெனர் ஒரு பக்கம் அதிலும் மறுபக்கம் இரும்பிலும் பட்டால் போதும், பொறி பறக்கும்.

முன்சீட்டைத் தூக்கினால் எஞ்சின். டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட் இரண்டையும் எடுத்துவிட்டுப் பின்பக்கம் கையை விட்டபோது வயர்களோடு வேறு மூன்று குழாய்களும் தட்டுப்பட்டன. ஒன்றில் எஞ்சின் ஒயில் உள்ளே வருகிறது, மற்றொன்றில் வெளியேறி அடித்தொட்டிக்குப் போகிறது. மூன்றாவது, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய்.

பெற்றோல் எஞ்சின் தன் உறிஞ்சலில் இருந்தே பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுத்துவிடும். டீசல் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. தனியாக ஒரு வெற்றிட பம்ப் வேண்டும். பழைய ஜப்பான் டீசல் வேன்கள் பலவற்றில் அந்த பம்ப் ஒல்டர்நேட்டரின் முதுகில், அதே அச்சில் சுழல்கிறது. லைட் எரிவதற்கு என்று நான் நினைத்திருந்த பொருள்தான் பிரேக்கையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுழற்றும் பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. ஒரு பெல்ட் ஜோடி அறுந்தால் சார்ஜ், பிரேக், எஞ்சினின் குளிர்ச்சி மூன்றும் ஒன்றாகப் போகும்.

இந்த வீதியில் அதன் பொருள் தெளிவு. மேற்கே தெல்தெனியவுக்கு இறக்கம். கிழக்கே உடதும்பறை தாண்டினால் 'பதினெட்டு வளைவு' என்று பெயர்பெற்ற பெரிய இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். தாழ்ந்த கியரில் இறங்குங்கள் என்று பழைய ட்ரைவர்மார் சொல்வதில் எஞ்சின் பிடிப்பு மட்டும் இல்லை. அப்படி இறங்கும்போது பம்பும் வேகமாகச் சுழன்று பிரேக்குக்கு உதவுகிறது.

*

கழற்றியதை வயரிங் பாஸிடம் கொண்டுபோனேன்.

"பாஸ், இத வீசிட்டு வேற ஒன்னு போட்டுருவமா?"

"எதுக்கு தம்பி வீசுறீங்க? காபன் போயிருக்கும், பாப்பமே."

பாஸ் மூடியைத் திறந்தார். சுண்டுவிரல் நுனியளவுக் காபன் கட்டைகள் இரண்டு. ஒன்று ஓரளவு மீதி இருந்தது. மற்றது சாய்வாகத் தேய்ந்து, பின்னால் இருந்த ஸ்பிரிங் கிட்டத்தட்ட வளையத்தைத் தொட்டுவிட்டது. அவை உரசும் செம்பு வளையங்களில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம், பளபளவென்று. உள்ளே எங்கும் கரும்பொடி. தேய்வதற்கென்றே வைத்த பொருள் தன் வேலையைச் செய்திருந்தது. டயோடுத் தட்டிலும் ஒன்று இரு திசையிலும் கடத்தியது. பாஸ் யோசித்துவிட்டு, "இதுக்குள்ள ரெண்டு நோவு இருக்கு. காபன் மட்டும் மாத்தினா ஒங்களுக்கு நிம்மதி இருக்காது" என்றார்.

*

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் பழைய வேன் எதற்கும் ஓய்வு கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளின் இருட்டுக்குள்ளிருந்து பாகங்கள் வந்து வந்து அவற்றை ஓட வைத்தன. லூல்வத்தை வழியாக மீமுரே கிராமத்துக்கு ஆளும் அரிசியும் போவது ஹுன்னஸ்கிரியவிலிருந்துதான். அந்தப் பாதைக்கு ஒரு வேன் என்பது ஒருவருடைய சொத்து மட்டுமல்ல. அந்தப் பக்கத்தில் ஒரு வேன் நின்றால் யாருடைய காரியமெல்லாம் நிற்கும் என்று அது நின்ற பிறகுதான் எண்ணிப் பார்ப்போம்.

*

வேறொரு ஒல்டர்நேட்டர், ஜப்பானில் ஓடி இங்கே வந்தது, பாஸ் பிரித்துப் பார்த்துக் கொடுத்தது. மாட்டும்போது கவனித்தவை:

ஒயில் குழாயின் இரு பக்கமும் செம்பு வாஷர் புதிதாக வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் ஒயில் கசிந்து பெல்ட்டில் தெறிக்கும், பெல்ட் வழுக்கும்.

பம்புக்குள் கொஞ்சம் சுத்தமான ஒயில் ஊற்றிவிட்டுத்தான் முதல் ஸ்டார்ட். காய்ந்து சுழன்றால் உள்ளே இருக்கும் தகடுகள் கீறும்.

பெல்ட் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் போல இறங்கலாம். அதைவிட இறுக்கினால் பேரிங் அழும், தளர்த்தினால் பெல்ட் அழும்.

கடைசியில்தான் நெகட்டிவ் வயர்.

ஸ்டார்ட் பண்ணியதும் 14.1. ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாம் போட்டும் 13.7க்குக் கீழே போகவில்லை. சோதனை அதோடு முடிவதில்லை. எஞ்சினை நிறுத்தி, பெடல் கல்லாகும்வரை மிதித்து, காலை எடுக்காமல் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். பெடல் காலுக்குக் கீழே மெதுவாக இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது. இறங்கியது.

புதுப் பெல்ட் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் தளரும், திரும்ப இறுக்க வேண்டும். இனி அது கீச்சிடும் சத்தம் கேட்டால் முதலில் பிரேக்கைப் பார்ப்பேன், பிறகு ரேடியேட்டரை. லைட் அதற்கும் பிறகுதான்.