பயன் அறிந்து கொள்க



தில்லி மாநகரத்துக் கரோல் பாக்கில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள அஜ்மல்கான் சாலையிலும் கஃபார் சந்தையிலும் துணிமணி முதல் கைப்பேசி வரை யாவும் குவிந்து கிடக்கின்றன. அத்தெருக்களில் நடக்கும் பௌத்தர், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று எவ்வாறு துணிவது? இவ்வினாவுக்குத் தன்மம் விடை பகர்கின்றது.

பகவன் புத்தர் தம் மைந்தர் இராகுலரை நோக்கி, கண்ணாடி எதற்குப் பயன்படும் என வினவினார். பார்த்துக்கொள்வதற்கு என்றார் இராகுலர். அவ்வாறே மெய், மொழி, மனம் ஆகிய மூன்றன் வினைகளையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்த்தல் வேண்டும் என்று பகவன் அருளினார். தனக்கோ, பிறர்க்கோ, இருசாரார்க்குமோ தீங்கு விளைப்பது விடத்தக்கது. நலம் பயப்பது கொள்ளத்தக்கது. மச்சிம நிகாயத்துள் உள்ள இவ்வுரையே நமக்கு அளவுகோல்.

மாவரைக்கும் இயந்திரம் அன்னையின் தோள்வலியைக் குறைத்து, மக்களோடு அமர்ந்து படிக்க ஒரு நாழிகையை ஈயுமாயின் அது நற்கருவி. கைப்பேசி, தொலைவிலுள்ள முதிய பெற்றோரின் குரலைக் கேட்பிக்கும்போது நற்கருவி. அதுவே நள்ளிரவில் உறக்கத்தையும், கடன்பட்டு வாங்கியதாயின் மன அமைதியையும் கவரும்போது கேடு. ஆகவே வாங்குமுன் ஒருமுறை பார்த்தல் போதாது. கையாளும்போதும் பார்த்தல் வேண்டும்.

கோசாம்பியில் உதயண மன்னனின் தேவியர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளை அளித்தனர். இத்துணை ஆடைகள் எதற்கென மன்னன் வினவினான். கிழிந்த சீவரம் உடைய பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய சீவரங்கள் விரிப்பாகும். விரிப்பு நைந்தால் மெத்தை உறையாகும். பின் தரைவிரிப்பும், கால்துடைப்பும், தூசு துடைக்கும் துணியும் ஆகும். இறுதியில் சேற்றோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்றார். மகிழ்ந்த மன்னன் மேலும் ஐந்நூறு அளித்தான். பழுதுற்ற பொருளைச் செப்பனிடத் தெரிந்த கைகள் கஃபார் சந்தையில் உள்ளன. புதியதை நாடுமுன் அக்கைகளை நாடுதல் இத்தேரரின் வழி.

இனி வழக்கங்களைப் பார்ப்போம். இராகுகாலம் நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதற்கு அஞ்சி நற்செயல் தொடங்காதவர் வாரத்தில் பத்தரை மணி நேரத்தை இழக்கின்றார். அவ்வச்சம் எவர்க்கேனும் நலம் செய்ததா? 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாச பண்டிதரும், 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை பெற்ற பாபாசாகேப் அம்பேத்கரும் நமக்குத் திறந்த வழியில், பழைய அச்சங்களைச் சுமந்து நடப்பது தகுமா?

பிறர் வழக்கத்தை மட்டும் அளந்து நம் வழக்கத்தை அளவாது விடுதல் நடுவுநிலை ஆகாது. பஞ்சசீலத்தைப் பாலி மொழியில் ஓதி முடித்தவுடன் அயலாரைப் பழித்தால், அவ்வோதுதலும் வெறுஞ்சடங்கே. பொருளுணர்ந்து ஓதி, அன்றைய ஒரு சொல்லையேனும் அடக்கினால் அது நம்மைக் கரைசேர்க்கும்.

இன்றிரவு நம் இல்லத்தில் ஒரு கருவியையும் ஒரு வழக்கத்தையும் எடுத்து, இராகுலரின் கண்ணாடிமுன் வைப்போம். பயனுள்ளதைப் பேணுவோம், பயனற்றதைத் துணிந்து விடுவோம்.

நமோ புத்தாய!