நம்பாதவரின் தாளம்

ஆடி பிறந்தால் திருமுடிவாக்கம் பக்கம் ஒலிபெருக்கிக்கு ஓய்வில்லை. கூழ் ஊற்றும் ஞாயிறன்று எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் சிட்கோ தொழிற்பேட்டை லேத் பட்டறைக்குள்ளும் நுழைந்துவிடும். 'சாமியாவது பூதமாவது' என்று பேசுகிறவரின் விரலும் டீ கிளாஸில் பம்பைக்குத் தாளம் போடும். பிடிபட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அந்த ஈஸ்வரியே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வேப்பிலைக்காரியை அவரைவிட உரக்க அழைத்தவர் யார்?

கேட்பதுகூடப் பரவாயில்லை, மேடையேறிப் பாடுவது? பகுத்தறிவாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் கமல்ஹாசன், 'விஸ்வரூபம்' (2013) படத்தில் கண்ணனுக்கு ஏங்கும் பாடலைத் தானே எழுதி, ஷங்கர் மகாதேவனோடு சேர்ந்து பாடி, கதக்கும் ஆடினார். நடனம் அமைத்த பண்டிட் பிர்ஜு மகராஜுக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. அந்த ஏக்கம் பொய் என்று பார்த்தவர்கள் சொல்லவில்லை. காதலிக்காமலே காதல் பாட்டு எழுதுகிறவரை யாரும் சந்தேகிப்பதில்லையே!

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் உண்டு. இளமையில் நாத்திகர், பிறகு 'தெரியாது' என்ற கட்சிக்காரர், இசையமைப்பாளர் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ். 1906-இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபைப் பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியர் அவர்தான். நாட்டுப்புறத்தில் சேகரித்த மெட்டுகள் பல, அவர் கையால் தேவாலயத்துக்குள் போயின.

இரவு ஒலிபெருக்கி அடங்கிவிடும். பட்டறையில் ஷட்டரை இறக்குகிறவர் வாயில் மட்டும் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருக்கும்.