தன் வழக்கில் தானே நீதிபதி

இன்னும் தாக்கப்படாத ஒரு நாடு, தாக்கப்படக்கூடும் என்னும் அச்சத்தின் பேரில் தானே முதலில் படையெடுப்பது அறமாகுமா என்னும் கேள்வி, 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கின் மீது போர் தொடுத்தபோது உலகெங்கும் எழுந்தது; இருபதாண்டுகள் கழிந்தும் அது அடங்கவில்லை. அதனை ஆராயுமுன் இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். எதிரியின் படை எல்லையில் அணிவகுத்து நிற்க, தாக்குதல் அடுத்த கணம் நிகழும் என்பது ஐயமறத் தெரிந்த நிலையில் முந்திக்கொண்டு தாக்குவது ஒன்று. இன்று வலுவற்றிருக்கும் நாடு நாளை வலுப்பெற்றுத் தீங்கிழைக்கலாம் என்று கணித்து, அது வளருமுன்பே அழிக்க முனைவது மற்றொன்று. முன்னதை முந்துதாக்குதல் என்றும் பின்னதைத் தடுப்புப் போர் என்றும் வேறுபடுத்தலாம். 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் புஷ் அரசு வெளியிட்ட தேசியப் பாதுகாப்புக் கொள்கை பின்னதைச் செய்வதற்கான உரிமையை முன்னதன் பெயராலேயே கோரியது.

முன்னதற்குக்கூடச் சட்டம் எளிதில் இடம் கொடுத்ததில்லை. 1837 டிசம்பரில் கனடாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் தரப்புப் படையினர், நயாகரா ஆற்றின் அமெரிக்கக் கரையில் நின்ற கரோலைன் என்னும் நீராவிக் கப்பல் கனடாக் கிளர்ச்சியாளருக்கு உதவியது என்று கூறி, அதற்குத் தீ வைத்து ஆற்றோடு விட்டனர். அப்போது முறையிட்ட நாடு அமெரிக்கா என்பது இன்று நினைக்கத்தக்கது. அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர், தற்காப்பின் தேவை உடனடியானதாகவும், வேறு வழி தேடவோ நின்று சிந்திக்கவோ இடந்தராததாகவும் இருந்தாலன்றி இத்தகைய செயல் நியாயமாகாது என்று வரையறுத்தார். 1940இல் நார்வேயின் மீது படையெடுத்தது நேச நாடுகளை முந்திக்கொள்வதற்கே என்று ஜெர்மானியத் தலைவர்கள் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் வாதிட்டபோது, நீதிமன்றம் இதே அளவுகோலைக் கொண்டு அவ்வாதத்தைத் தள்ளியது. அதனினும் முக்கியமான மற்றொன்றையும் அது கூறியது: தற்காப்பு என்று சொல்லப்படுவது உண்மையில் தற்காப்புத்தானா என்பதைப் போர் தொடுத்த நாடே இறுதியாக முடிவுசெய்துகொள்ள முடியாது, அது விசாரணைக்கும் தீர்ப்புக்கும் உட்பட்டே ஆகவேண்டும்.

தடுப்புப் போரின் அறப்பிழை இங்கேதான் வேர்கொண்டுள்ளது. அச்சம் பொய்யானது என்பதன்று வாதம். அஞ்சுவோரின் அச்சம் பல வேளைகளில் மெய்யானதே. ஆனால் அஞ்சுவோரே சான்றைத் திரட்டி, அவரே அதனை எடைபோட்டு, அவரே தீர்ப்பு வழங்கி, அவரே அதனை நிறைவேற்றுவதாயின், அந்தத் தீர்ப்பில் பிழையைக் கண்டு தடுக்க ஒருவரும் இல்லை. மேலும், அத்தீர்ப்பினால் சாகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் எதையும் செய்யாதவர்கள்: கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞரும், நகரத்தில் குடியிருப்போரும்.

ஈராக்கில் நடந்தது இதற்குத் தக்க சான்று. நைஜரிலிருந்து சதாம் உசேன் அரசு யுரேனியம் வாங்க முயன்றதைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் 2003 பிப்ரவரியில் சர்வதேச அணுசக்தி முகமையிடம் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பே பதவியிலிருந்து நீங்கிவிட்ட அமைச்சர் ஒருவரின் பெயரில் கையொப்பம் இருந்தது. அவை போலி என்று கண்டறிய அம்முகமைக்கு நெடுநாள் தேவைப்படவில்லை. மார்ச் 7ஆம் நாள் அதன் தலைவர் முகம்மது எல்பரடேய் இதனை ஐ.நா. பாதுகாப்பு அவையில் அறிவித்தார். ஐ.நா. ஆயுத ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், எஞ்சிய பணியை முடிக்க ஆண்டுகள் வேண்டா, சில மாதங்கள் போதும் என்றார். அனுமதித்த தொலைவைக் கடந்து பாயக்கூடிய அல் சமூத் ஏவுகணைகள் அப்போது ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதாவது, நாடுகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு, போரின்றியே, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் கழியுமுன் குண்டுகள் விழத் தொடங்கின. தேடப்பட்ட ஆயுதக் குவியல்கள் ஈராக்கில் இல்லை என்பதை அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004இல் ஒப்புக்கொண்டது. அமைதி வழிகள் முற்றும் முயலப்படுமுன் போர் தொடங்கப்பட்டது என்று 2016இல் பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை கூறியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாக்கப்பட்ட பின்னரே தற்காப்புக்கு இடந்தரும் ஐ.நா. சாசனம் கையொப்பமானது 1945 ஜூன் 26இல். முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. ஒரே குண்டில் ஒரு நகரம் அழியும் காலத்தில், முதல் அடி விழும்வரை காத்திருக்கச் சொல்வது தற்கொலைக்குச் சமம் என்பர். ஆயினும் அணு ஆயுத அச்சம் உச்சத்தை எட்டிய 1962 அக்டோபரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்ட கியூபாவை உடனே தாக்குமாறு படைத்தலைவர்கள் வற்புறுத்த, அமெரிக்க அதிபர் கென்னடி கடல்வழித் தடையைத் தேர்ந்தார். அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஒப்புதல் பெறப்பட்டது. ஏவுகணைகளின் நிழற்படங்கள் பாதுகாப்பு அவையில் யாவரும் காண வைக்கப்பட்டன. கியூபாவில் போர்க்களப் பயன்பாட்டுக்குரிய அணுகுண்டுகள் அப்போதே இருந்தன என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. படைத்தலைவர்கள் சொன்னபடி நடந்திருந்தால் விளைந்திருக்கக்கூடியதை எண்ணிப்பார்க்கலாம். ஆயுதம் கொடியதாக ஆக, பிழையான தீர்ப்பின் விலையும் ஏறுகிறது.

இரண்டாம் மறுப்பு ஐ.நா.வின் வலுவின்மை பற்றியது; அதனை மறைப்பதில் பொருளில்லை. 1994இல் ருவாண்டாவில் படுகொலை நடந்துகொண்டிருக்கையில் பாதுகாப்பு அவை அங்கிருந்த அமைதிப்படையைச் சில நூறு பேராகக் குறைத்தது. ஐந்து நிரந்தர உறுப்பினருள் எவரும் தம் ஒரு வாக்கால் எந்தத் தீர்மானத்தையும் வீழ்த்தும் வீட்டோ அதிகாரம், அவர்தம் குற்றத்தை அவை தொடாமல் காக்கிறது. ஆனால் ருவாண்டாவைக் கைவிட்டதும் வீட்டோவைப் பிடித்துக்கொண்டிருப்பதும் தன்னலம் விடாத நாடுகளே. அந்தத் தன்னலத்தின் கையிலேயே போர் முடிவையும் ஒப்படைப்பது எப்படி மாற்றாகும்? தேவைப்படுவது உலகப் பேரரசும் அன்று. 1795இலேயே மெய்யியலாளர் கான்ட், ஒற்றை உலகப் பேரரசு கொடுங்கோலாய் முடியும் என்று அஞ்சி, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பையே வேண்டினார். எந்நாடும் மறுக்கவியலாத ஆயுத ஆய்வு, ஆக்கிரமிப்பு வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கட்டாய அதிகார வரம்பு, தன் வழக்கில் வீட்டோவைப் பயன்படுத்தத் தடை ஆகிய மூன்றுமே நாட்டு இறையாண்மையில் சிறு பகுதியை விட்டுக்கொடுப்பதால் கூடுவன. ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் 2018இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அதன் உறுப்பினர் அல்ல என்பதால் அவற்றின் தலைவர்களை அந்த அதிகாரம் எட்டவில்லை.

2022 பிப்ரவரி 24இல் உக்ரைனுக்குள் படையை அனுப்பிய ரஷ்ய அதிபர் புதின் சுட்டியது ஐ.நா. சாசனத்தின் தற்காப்புப் பிரிவையே. அவ்வாண்டு மே மாதத்தில் அதனை முந்துதாக்குதல் என்றும் பெயரிட்டார். பொதுப்பேரவையில் 141 நாடுகள் அப்படையெடுப்பைக் கண்டித்தன. கண்டித்தவற்றுள் முன்வரிசையில் நின்ற அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும், 2003இல் தாம் கோரிய உரிமையை மாஸ்கோவுக்கு மட்டும் எந்த நியாயத்தால் மறுப்பது என்ற வினாவுக்கு விடை சொல்வது எளிதாக இருக்கவில்லை.