ஒரு ரூபாய் பாக்கெட்டின் கடன்

பழைய பட்டுப்புடவை வாங்க வருபவர் புடவையின் நிறத்தையோ கிழிசலையோ பெரிதாகப் பார்ப்பதில்லை. முந்தானையைப் பிரித்து ஜரிகையை நகத்தால் சுரண்டுவார். மேல் மினுமினுப்பு விலகி உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அது அசல்: பட்டு இழையின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உடனே விலை பேசத் தொடங்குவார். அந்தப் புடவையை எரித்து, மிஞ்சும் வெள்ளியை உருக்கி எடுப்பார்கள். ஆரணி, காஞ்சிபுரம் போன்ற பட்டு ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. இதற்கு விதியும் தேவைப்படவில்லை, கட்டணமும் தேவைப்படவில்லை.

செம்புக் கம்பியும் பாலியஸ்டர் இழையும் சேர்ந்த போலி ஜரிகைப் புடவை என்றால் அவர் தொடாமல் எழுந்து போய்விடுவார். கல்யாணத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னின. ஒன்றுக்குள் அடுத்தவர் விரும்பும் பொருள் இருந்தது, மற்றதில் இல்லை. வீட்டிலிருந்து வெளியேறும் எல்லாவற்றையும் இந்தக் கோடுதான் இரண்டாகப் பிரிக்கிறது. பித்தளை, இரும்பு, செய்தித்தாள், பால் கவர் ஆகியவற்றைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார். பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், டயப்பர், தீர்ந்துபோன சிறு பேட்டரி ஆகியவற்றை யாரும் கேட்டு வருவதில்லை. அவற்றைச் சேர்த்து, பிரித்து, மறுசுழற்சிக்கோ பாதுகாப்பான அழிப்புக்கோ கொண்டுபோகச் செலவாகும். அந்தச் செலவு யாருடைய கடன்?

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உண்டாக்குபவரைக் கைகாட்டின. அவர் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டியிருந்தது. உள்ளாட்சி நிர்ணயிக்கும் சேவைக் கட்டணத்தையும் செலுத்த வேண்டியிருந்தது. சென்னை மாநகராட்சி 2021-இன் தொடக்கத்தில் வீடுகளுக்கு இந்தக் கட்டணத்தைக் கொண்டுவர முயன்றபோது எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் எல்லாரையும் கஞ்சர்கள் என்று தள்ளிவிட முடியாது. விடியுமுன் தெருவில் வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளருக்குக் கூலி வேண்டும், அதை அந்தத் தெரு கொடுப்பதே முறை. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் காய்கறித் தோலைப் புதைத்து, மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்கும், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி எறியும் வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் ஒழுங்காக இருப்பவர் எதற்கு மெனக்கெட வேண்டும்? "காசுதான் கட்டுகிறோமே, அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

அந்தப் பேச்சு அநியாயமானது. ஒரே பையில் கட்டியதை ஒருவர் கையால்தான் திறந்தாக வேண்டும். உள்ளே உடைந்த கண்ணாடி இருக்கும், ஊசி இருக்கும், நாப்கின் இருக்கும். நாப்கின், டயப்பர் தயாரிப்பவர்கள் அவற்றைச் சுற்றி எறிவதற்கான உறையையும் சேர்த்தே தர வேண்டும் என்று அதே 2016 விதிகள் கூறின. எத்தனை பாக்கெட்டில் அந்த உறை வருகிறது என்று கடைக்குப் போகிறவர்கள் பார்க்கலாம். குப்பையைப் பிரித்துத் தருவது பணத்தால் கழிக்க முடியாத கடமை. எந்தத் தொகை கட்டினாலும் இன்னொரு மனிதரின் கையை நம் கழிவுக்குள் விடவைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

தூக்கிப்போடும் நேரத்தில் பணம் கேட்பதில் இன்னொரு குறையும் உண்டு. ஜப்பானில் 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி ஆகியவற்றைக் கழிக்கும்போது வீட்டுக்காரர் மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். அவ்வளவு கட்டுப்பாடான நாட்டிலும் பணம் கட்ட மனமில்லாமல் மலைச்சரிவில் கொட்டிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். கலிபோர்னியா 2005 முதல் டிவி, கணினித் திரைகளுக்கு விற்கும்போதே கட்டணத்தை வாங்கிவிடுகிறது. கடைசியில் கேட்டால் ஒளித்துக் கொட்டுவார்கள், முதலிலேயே வாங்கிவிட்டால் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏழை வீட்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கூலி கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும் நெசவாளர் வீட்டில் ஷாம்பு ஒரு ரூபாய் பாக்கெட்டாகத்தான் வரும். பெரிய பாட்டில் வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். அந்தப் பாக்கெட்டை வடிவமைத்தது அவர்கள் இல்லை, அது மறுசுழற்சிக்கு ஒத்துவராத உறையில் வருவதும் அவர்கள் முடிவில்லை. ஆனால் கால்வாயை அடைப்பவர்கள் என்ற பழி மட்டும் அந்தத் தெருவின்மேல் விழுகிறது.

பாக்கெட் ஷாம்பு வணிகம் வளர்ந்ததே தமிழ்நாட்டில்தான். கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்ததை, அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஆரம்ப காலத்தில் அவர் ஒரு திட்டம் வைத்தார்: எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். மக்கள் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். விற்பனையைப் பெருக்கத்தான் அதைச் செய்தார், சுற்றுச்சூழல் அன்று கணக்கில் இல்லை. என்றாலும் அதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. காலிப் பாக்கெட்டுக்கு மதிப்பு இருந்தால் அது திரும்பி வரும். அந்த மதிப்பை ஏற்றிவைக்கக் கம்பெனியால் முடியும், மனம்தான் வேண்டும்.

டாஸ்மாக் பாட்டில் விஷயத்தில் மனத்தை வரவழைத்தது நீதிமன்றம். உடைந்த பாட்டில்கள் காட்டில் யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்தது. 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அறத்தின் கண்ணால் பார்த்தால் இது அழகான ஏற்பாடு. பொறுப்பாக இருப்பவருக்குச் செலவே இல்லை. எறிந்துவிட்டுப் போகிறவர் 10 ரூபாயை இழக்கிறார். பாட்டிலைப் பொறுக்கி எடுப்பவருக்கு அந்தப் பத்து ரூபாய் போகிறது. கடை ஊழியர்கள் இடமும் ஆளும் போதவில்லை என்று போராடினார்கள். அந்தக் குறை உண்மையானது, நிர்வாகம்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

உற்பத்தியாளர் கொடுக்கட்டும் என்றால், அவர் விலையில் ஏற்றிவிடுவார் என்ற மறுப்பு உடனே வரும். ஏற்றட்டும். வாங்குபவர் தான் வாங்கிய பொருளின் முழு விலையைக் கொடுப்பதில் தவறில்லை. அந்தச் செலவு தன் கணக்கில் ஏறும்போதுதான் உறையை மாற்றலாமா என்று கம்பெனி யோசிக்கும். நகராட்சியின் கணக்கில் ஏறும்வரை அதற்கு அந்த யோசனையே வராது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு பிளாஸ்டிக் உறைகளுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. எத்தனை டன் உறை சந்தைக்குப் போகிறதோ அதற்கேற்ப மறுசுழற்சிச் சான்றுகளைக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டே சுமார் 6 லட்சம் போலிச் சான்றுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. மின்னணுக் கழிவில் மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று அரசு நிர்ணயித்தபோது டெய்கின், சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2016-இல் பிளாஸ்டிக் கைப்பை தரும் கடைக்காரர் உள்ளாட்சிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களிடம் கேட்ட கட்டணம் கரைந்துபோகிறது, அல்லது வழக்காகிறது.

சான்று முறையிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் மறுசுழற்சி நடந்தாலும் கம்பெனியின் கணக்கு நேராகிவிடும். ஆரணியின் கமண்டல நாகநதிக் கரையில் ஒதுங்கிய உறையைப் பொறுக்கிய பணியாளருக்கும், அவருக்குச் சம்பளம் தரும் நகராட்சிக்கும் அதில் ஒரு பைசாவும் வந்தாக வேண்டிய கட்டாயமில்லை. தெருவில் அள்ளிய மக்காத குப்பையின் எடைக்கு ஏற்ப, அதைத் தயாரித்தவர்களின் பணம் அந்த ஊருக்கே வந்து சேர வேண்டும். பிரித்துத் தரும் வீட்டுக்குச் சேவைக் கட்டணம் குறைய வேண்டும். கையுறைக்கும் கூலிக்கும் போன தொகையை வார்டு வாரியாக எழுதி ஒட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஒரு நகராட்சி கதவைத் தட்டிக் கட்டணம் கேட்டால் எந்த வீடும் மறுக்கக் கூடாது. அதுவரை வீட்டிடம் மட்டும் கேட்பது, கடன்பட்டவரை விட்டுவிட்டுக் கைக்கு எட்டியவரிடம் வசூலிப்பதாகும்.