இறங்கும் ஊரின் பிறை

வழிபாட்டுக் கடமை ஒன்றை வகுக்கும் சமய நூல்கள், அதை எப்போது செய்வது, எங்கு நின்று செய்வது என்ற இரண்டையும் பெரும்பாலும் சேர்த்தே சொல்கின்றன. அந்நூல்கள் எழுந்த காலத்தில் மனிதர் தம் கால் நின்ற நிலத்தின் பொழுதைத் தவிர வேறொரு பொழுதில் வாழ வழியில்லை என்பதால், இடமும் காலமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவற்றில் நேரடியான விடை கிடைப்பது அரிது. லண்டனில் இரவு 9 மணிக்கு விமானம் ஏறி, ஏறக்குறைய 8,200 கிலோமீட்டரைப் பத்து மணி நேரத்தில் கடந்து, மறுநாள் நண்பகலில் சென்னை மண்ணில் இறங்கும் பயணிக்கோ அந்த விலகல் கண்கூடானது. தீர்க்கரேகைக் கணக்கில் அவர் கிழக்கே 80 பாகை நகர்ந்திருக்கிறார். அதனால் அவருடைய உடல் பத்து மணி நேரமே மூத்திருக்க, கதிரவன் கணக்கில் 15 மணி 20 நிமிடம் கழிந்திருக்கிறது. உடல் இருக்கும் வானத்தின் பொழுது, புறப்பட்ட ஊரின் பொழுது, போய்ச் சேரும் ஊரின் பொழுது ஆகிய மூன்றுள் எது அவரைக் கட்டுப்படுத்துகிறது என்பது வெறும் நடைமுறைச் சிக்கல் அன்று. கடமை என்பது வானத்தோடு செய்துகொண்ட உடன்பாடா, மனிதக் கூட்டத்தோடு செய்துகொண்ட உடன்பாடா என்ற மெய்யியல் கேள்வி அதனுள் இருக்கிறது.

இக்கேள்வியை மிகவும் கூர்மையாக எதிர்கொண்டது இஸ்லாமியச் சட்டவியலே எனலாம். ஃபிக்ஹு என்று அழைக்கப்படும் அச்சட்டவியல், ஐவேளைத் தொழுகையைக் கதிரவனின் நிலையாலும், நோன்பு மாதத்தைப் பிறையாலும், தொழும் திசையாகிய கிப்லாவை மக்கா நகரின் இருப்பாலும் வரையறுத்திருப்பதால், விமானப் பயணம் இம்மூன்றையும் ஒரே இரவில் அசைத்துவிடுகிறது. லண்டனில் கிப்லா தென்கிழக்கில் இருக்கிறது. மக்காவின் தீர்க்கரேகையை விமானம் கடக்கும்போது நேர் தெற்காகிறது. சென்னையில் ஏறத்தாழ மேற்கு ஆகிறது. விடியலுக்கு முந்தைய ஃபஜ்ர் தொழுகையின் நேரம் தரையில் சுமார் ஒன்றரை மணி நேரம் நீடிக்கும் என்றால், கிழக்கு நோக்கி விரையும் விமானத்தில் அது ஒரு மணி நேரத்துக்குள் ஒடுங்கிவிடும். சன்னல் திரையை இறக்கி, விளக்கணைத்து, பயணிகள் உறங்கும் நேரத்திலேயே அந்த ஒரு மணி நேரம் வந்துபோகிறது என்பதைப் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

முதல் நிலையில் சட்ட அறிஞர்கள் தந்த விடை, கண் காணும் வானமே அளவுகோல் என்பதாகும். தரையிலிருந்து 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவருக்குத் தொடுவானம் சுமார் 3 பாகை தாழ்ந்து தெரிவதால், வெப்பமண்டலப் பகுதியில் அவருக்குக் கீழே உள்ள ஊரில் கதிரவன் மறைந்து 12 நிமிடமளவு ஆன பின்னும் அவர் கண்ணுக்கு அது மறையாமல் நிற்கும். கீழே நோன்பு திறந்துவிட்டார்கள் என்பது தெரிந்தாலும், தம் சன்னலில் கதிரவன் மறையும் வரை அவர் காத்திருக்க வேண்டும் என்பதே இக்காலத் தீர்ப்புகளின் பொதுவான போக்கு. துபாயில் புர்ஜ் கலீஃபா கோபுரம் எழுந்த பிறகு, 80ஆம் மாடிக்கு மேல் வாழ்வோர் இரண்டு நிமிடமும் 150ஆம் மாடிக்கு மேலுள்ளோர் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள சமய அதிகாரிகள் அறிவித்ததும் இதே கோட்பாட்டின் வழியில்தான். ஒரே கட்டடத்தில் வாழும் அண்டை வீட்டார் இருவர் வெவ்வேறு நேரத்தில் நோன்பு திறப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அத்தீர்ப்பின் உள்ளே, கடமை தனிமனிதரின் கண்ணில் தொடங்குகிறது என்ற தெளிவான நிலைப்பாடு இருக்கிறது.

அந்த நிலைப்பாடு எல்லை கடந்து நீளாது என்பதை விண்வெளிப் பயணம் காட்டியது. 2007 அக்டோபரில் மலேசிய வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது அது ரமலான் மாதம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கதிரவன் உதித்து மறையும் அந்த இடத்தில் கண்ணை அளவுகோலாகக் கொண்டால் ஒரு நாளில் ஏறத்தாழ எண்பது வேளை தொழ வேண்டிவரும். எனவே மலேசிய அறிஞர்கள் வகுத்த வழிகாட்டுதல், ஏவுதளம் அமைந்த நிலப்பகுதியின் நேரத்தையே தொழுகைக்குக் கொள்ளும்படி சொன்னது. வானம் பொருளிழந்தபோது நிலமும் அந்நிலத்து மக்களின் நாளுமே துணைக்கு வந்தன என்பது இங்கே கருதத்தக்கது.

இவ்விரு விடைகளுக்கும் இடையே, பழைய சட்டநூல்கள் வேறொரு திசையிலும் சிந்தித்திருக்கின்றன. பயணியை ஊரில் இருப்பவரின் குறைபட்ட வடிவமாகக் கருதாமல், முஸாபிர் என்ற தனி நிலைக்கு உரியவராக அவை ஏற்றன. ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு செல்பவர் நான்கு ரக்அத் தொழுகையை, அதாவது நான்கு சுற்றுகள் கொண்ட தொழுகையை, இரண்டாகச் சுருக்கலாம். இது கஸர் எனப்படும். இரண்டு வேளைத் தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது ஜம்உ எனப்படும். சட்டப் பள்ளிகளாகிய மத்ஹபுகள் இதில் வேறுபடுவதால், தமிழ் முஸ்லிம்களுக்குள்ளேயே ஒரு சுவையான காட்சி விளைகிறது: காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் ஷாஃபிஈ மரபினர் அந்தித் தொழுகையாகிய மஃரிபையும் இரவுத் தொழுகையாகிய இஷாவையும் சேர்த்துத் தொழலாம், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் உள்நாட்டு ராவுத்தர், ஹனஃபி மரபினர் என்பதால், ஹஜ்ஜின் சில இடங்களைத் தவிர வேறெங்கும் அவ்வாறு சேர்க்க மாட்டார், ஆனால் சுருக்கித் தொழுவதைச் சலுகையாக அன்றிக் கடமையாகவே கொள்வார். பயணநிலை சொந்த ஊரின் எல்லையில் முடிவதால், சென்னையில் விமானம் தரைதொட்டாலும் காயல்பட்டினத்துக்காரருக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் அந்நிலை தொடர்கிறது.

தமிழ் இலக்கண மரபை அறிந்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியம், பிரிந்து செல்லும் வழிக்கு உரிய பாலைத் திணைக்குத் தனி நிலம் வகுக்காமலேயே பொழுதும் ஒழுக்கமும் வகுத்தது. நிலமில்லாத நிலையும் ஒரு நிலையே என்று ஏற்றுக்கொண்ட அந்தத் துணிவை, முஸாபிருக்கு இலக்கணம் சொன்ன சட்டநூலாரிடமும் காண முடிகிறது.

எனினும் பயணநிலை முடிவுக்கு வரும் கணத்தில்தான் உண்மையான கேள்வி எழுகிறது. சவூதி அரேபியாவில் பிறை அறிவிக்கப்பட்ட மறுநாளே தமிழ்நாட்டில் பிறை தென்படுவது அடிக்கடி நிகழ்வது. லண்டன் பள்ளிவாசல்களில் பலவும் சவூதி அறிவிப்பைப் பின்பற்றுகின்றன. அவ்வாறு லண்டனில் பெருநாள் இரவு என்று அறிவிக்கப்பட்ட பிறகு விமானம் ஏறி, வானிலேயே பெருநாள் விடியலைக் கண்டு, காலை உணவையும் உண்டு, நண்பகலில் சென்னையில் இறங்கும் சென்னைவாசி ஒருவர், தம் வீட்டார் அனைவரும் முப்பதாம் நோன்பில் இருப்பதைக் காண்கிறார். அவருக்கு அன்று பெருநாளா, நோன்பா?

இதற்கான வேர், வீடு திரும்பிய மற்றொரு பயணியின் செய்தியில் இருக்கிறது. சஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் இடம்பெறும் அச்செய்தியின்படி, குரைப் என்பவர் ஒரு வேலையாக ஷாம் நாட்டுக்கு, அதாவது முஆவியாவின் ஆட்சியில் இருந்த சிரியப் பகுதிக்கு, அனுப்பப்பட்டார். அங்கே வெள்ளி இரவில் ரமலான் பிறை காணப்பட்டது. மாத இறுதியில் மதீனாவுக்குத் திரும்பிய அவர் இதைச் சொன்னபோது, மதீனாவில் சனி இரவில்தான் பிறை தென்பட்டதாகவும், அந்தக் கணக்கின்படியே நோன்பைத் தொடரப்போவதாகவும் நபித்தோழர் இப்னு அப்பாஸ் விடையளித்தார். ஷாமில் கண்டவர்கள் பொய் சொன்னார்கள் என்று அவர் கருதவில்லை. அவர்களுடைய பிறை அவர்களுக்கு, இவர்களுடைய பிறை இவர்களுக்கு என்பதே அவருடைய நிலை. திர்மிதியின் தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழியும், மக்கள் சேர்ந்து நோன்பிருக்கும் நாளே நோன்பு நாள் என்ற பொருளில் அமைந்திருக்கிறது.

சிரியாவின் நவா என்னும் ஊரில் பிறந்து 1277இல் மறைந்த இமாம் நவவி, ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய மின்ஹாஜில் இந்த வேரிலிருந்து மூன்று தீர்ப்புகளைத் தருகிறார். பிறை முன்னதாகக் காணப்பட்ட ஊரிலிருந்து பிந்திக் காணப்பட்ட தொலைவூருக்கு வந்தவர், தம் கணக்கில் முப்பது நோன்பு முடிந்திருந்தாலும் அவ்வூராரோடு சேர்ந்து நோன்பிருக்க வேண்டும். எதிர்த்திசையில் வந்தவர் அவ்வூராரோடு பெருநாள் கொண்டாடிவிட்டு, குறைந்த ஒரு நாளைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும். மூன்றாவது தீர்ப்பு விமானப் பயணிக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: பெருநாளாக விடியலைக் கண்ட ஒருவரை, அவருடைய கப்பல், மக்கள் நோன்பிலிருக்கும் தொலைவூருக்குக் கொண்டு சேர்த்தால், அன்றைய எஞ்சிய பொழுதில் அவர் உண்ணாமலும் பருகாமலும் இருக்க வேண்டும் என்பதே வலுவான கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாய்மரக் கப்பல் ஒரு பகலுக்குள் பிறை மாறும் அளவு தொலைவைக் கடப்பது அரிது. நடைமுறையில் ஏறக்குறைய நிகழாத ஒன்றைச் சிந்தனைக்காக முன்வைத்து விடை தேடியவர்கள், ஏழு நூற்றாண்டு கழித்து அது அன்றாட நிகழ்ச்சி ஆகுமென்று எண்ணியிருக்க முடியாது. உரையாசிரியர்கள் முதல் தீர்ப்புக்குச் சொல்லும் காரணம்தான் இங்கே மையமானது: அவ்வூருக்கு வந்து சேர்ந்ததனாலேயே அவர் அவர்களுள் ஒருவராகிவிட்டார்.

உலகுக்கு ஒரே நிலவு இருக்கும்போது ஒரே நாளை இரண்டு பெயரால் அழைப்பது முறையா என்று கேட்போர் தமிழ்நாட்டிலும் உண்டு. உலகில் எங்கு பிறை கண்டாலும் அனைவருக்கும் அதுவே போதும் என்று வாதிடும் அவர்களுக்கும் தலைமை காஜியின் அறிவிப்பைப் பின்பற்றுவோருக்கும் இடையே பெருநாள்தோறும் சர்ச்சை நிகழ்கிறது. நிலவின் இயக்கம் உலகுக்குப் பொது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள் என்பது இயக்கத்தால் மட்டும் ஆகிவிடுவதில்லை. இந்து மரபின் திதியும் அப்படிப்பட்டதே: கதிரவனுக்கும் நிலவுக்கும் இடையே 12 பாகை விலகல் கூடும் காலமாகிய திதி உலகெங்கும் ஒரே கணத்தில் தொடங்கினாலும், ஏகாதசி போன்ற விரதங்களுக்கு அந்தந்த ஊரின் கதிரவன் உதயத்தை வைத்தே நாள் குறிக்கப்படுவதால், டொராண்டோவின் ஏகாதசி சில மாதங்களில் சென்னைக்கு ஒரு நாள் முன்னதாக வந்துவிடுகிறது.

கிறிஸ்தவ உலகம் இதே பாடத்தை 1522இல் கற்றது. மெகல்லனின் குழுவில் எஞ்சியவர்களைச் சுமந்து உலகைச் சுற்றி வந்த விக்டோரியா கப்பல், ஜூலை மாதத்தில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, கப்பலில் புதன்கிழமை, கரையில் வியாழன். அக்கப்பலில் ஒரு நாளும் தவறாமல் குறிப்பெழுதிய பிகாஃபெட்டா திகைத்தார். பிழை எங்கும் இல்லை என்பதையும், மேற்கு நோக்கிச் சுற்றியவர்களுக்கு ஒரு பகல் குறையும் என்பதையும் பின்னர் வெனிஸ் தூதர் கஸ்பாரோ கொன்தாரீனி விளக்கினார். குறிப்பேடு சரியானது என்று நிறுவப்பட்ட பிறகும், கரையேறியவர்கள் கரையின் கிழமையையே ஏற்றார்கள். தம் கணக்குப்படி தனி ஞாயிறு கொண்டாடவில்லை. இதற்கு மாறான வழியும் இல்லாமல் இல்லை. வணிக வசதிக்காகச் சமோவா நாடு 2011 டிசம்பர் 30ஆம் நாளாகிய வெள்ளிக்கிழமையைத் தாண்டி, பன்னாட்டுத் தேதிக் கோட்டின் மறுபுறம் சென்றபோது, அங்குள்ள ஏழாம் நாள் அட்வெந்து திருச்சபை ஏழு நாள் சுழற்சியை முறிக்க மறுத்து, மற்றவர்கள் ஞாயிறு என்றழைக்கும் நாளில் ஓய்வுநாளை அனுசரிக்கத் தொடங்கியது. ஆக்லாந்தில் சனிக்கிழமை ஓய்வுநாளை முடித்து அன்றிரவே ஊர் திரும்பும் சமோவா விசுவாசிக்கு மறுநாள் மீண்டும் ஓய்வுநாளாகிவிடுகிறது. இந்த உறுதியில் பெருமை உண்டு. ஆயினும் அண்டை வீட்டாரின் கிழமையைவிட்டுப் பிரிந்து வாழ்வதே அதற்குக் கொடுக்கும் விலை.

மின்ஹாஜின் மூன்றாம் தீர்ப்புக்கு அதே மத்ஹபில் ஓர் எதிர்க்கருத்து உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஒரே பகலின் முற்பாதி பெருநாளாகவும் பிற்பாதி நோன்பாகவும் இருப்பது பொருந்தாது, இதற்கு முன்னோர் வழக்கிலிருந்து சான்றும் இல்லை என்று அக்கருத்தினர் வாதிட்டனர். தருக்கத்தின் அழகு அவர்கள் பக்கம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் பிறை பற்றிய ஐயம் உள்ள நாளில், முற்பகலில் உண்டவருக்குப் பிற்பகலில் ரமலான் உறுதியானால் எஞ்சிய பொழுதில் உண்ணாதிருக்க வேண்டும் என்பதை அவர்களும் ஏற்றிருப்பதால், பகலைப் பிரிக்கவே முடியாது என்ற வாதம் நிலைக்காது. மேலும், பயணியின் முற்பகலைத் தவறு என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை. வானில் அவர் கொண்டாடிய பெருநாள் செல்லும். தரையிறங்கிய பின் அவர் கேட்க வேண்டிய கேள்வி மட்டுமே மாறிவிட்டது. வானில் இருந்தவரை கதிரவனைப் பார்த்துப் பொழுதறிந்தவர், இனி வீட்டாரைப் பார்த்து அறிய வேண்டியவராகிறார். வலுவான கருத்து என்று நவவி குறித்தது இன்றும் வலுவான கருத்தே. ஆகவே சென்னைக்காரர் அன்று மாலை மஃரிப் பாங்கு வரை உண்ணாமல் பருகாமல் இருந்து, வீட்டாரோடு நோன்பு திறந்து, மறுநாள் இரண்டாம் முறையாகப் பெருநாள் கண்டு, அவர்களோடு தொழுகைக்குச் செல்ல வேண்டியவர்.