யாரும் பார்க்காத இடம்

சென்ற கோடையில் என் சித்தப்பா சென்னைக்கு வந்திருந்தார். நிலத்தையும் கிணற்றையும் மாட்டையும் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு வாரம் வெளியூரில் தங்குவது அவருக்குப் பெரிய காரியம். கடற்கரை, பொருட்காட்சிச்சாலை, கபாலீசுவரர் கோயில் என்று நான் போட்டு வைத்திருந்த திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"இதெல்லாம் வர்றவங்க எல்லாரும் பார்க்கிறதுதானேப்பா? நீ முப்பது வருஷமா இங்கே இருக்கே. யாரும் பார்க்காத இடமா ஒண்ணு காட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் ஓர் ஊரில் குடியிருந்தும், வேலைக்குப் போகும் வழி, வீடு திரும்பும் வழி என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி எனக்குத் தெரியாது. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, புத்தகங்களைப் புரட்டினேன், தெரிந்தவர்களை விசாரித்தேன்.

முதலில் பாரிமுனைக்கு அருகே உள்ள அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் இல்லை. அர்மேனியன் தெரு என்பதுதான் நம் ஜனங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. வியாபாரத்துக்காக வந்து குடியேறிய அர்மேனியர்கள் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1772-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெளியே மூட்டைகளும் வண்டிகளும் கூச்சலும், உள்ளே மரநிழல். மணிக்கூண்டு தனியே நிற்கிறது. அதில் ஆறு மணிகள். காலடியில் நமக்குப் புரியாத எழுத்துப் பொறித்த கல்லறைகள். உலகத்தின் முதல் அர்மேனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது அர்மேனியாவில் அல்ல, இந்தச் சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் இங்கேதான் உறங்குகிறார்.

வெளியே வந்தபோது எனக்கு ஒரே பெருமை. "இந்த ஊர்க்காரர்களிலேயே எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள், சித்தப்பா!" என்றேன்.

"அது கிடக்கட்டும். இவ்வளவு தூரம் வந்தவங்க, இந்த ஊருக்கு என்னப்பா செஞ்சாங்க?" என்று கேட்டார் அவர்.

அந்தக் கேள்விக்கு விடை சைதாப்பேட்டையில் இருந்தது. மறுநாள் காலையில் அங்கே போனோம். கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரி 1726-இல் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், அதைப் பழுது பார்த்து வருவதற்கென்றும் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்தார். 1751-இல் அவர் இறந்தபோது உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்துப் பாரசீகத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். அவருடைய பாலம் இன்று இல்லை. அந்த இடத்தில் 1966-இல் வந்த மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பழைய பாலத்தின் நினைவாக ஒரு கல்வெட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. லத்தீன், அர்மேனியன், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. அன்றாடம் அந்தப் பக்கம் போகிறவர்களில் அதைப் படிக்கக் கூடியவர் எவரும் இருக்கமாட்டார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்த அரைமணி நேரத்தில் எத்தனையோ பஸ்கள் போயின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது குற்றமா என்று யோசித்தேன். ஒரு விதத்தில், மறக்கப்படுவதுதான் தர்மத்துக்கு அழகு. தண்ணீர்ப் பந்தலில் தாகம் தீர்த்துக்கொள்பவன், பந்தல் போட்டவனின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்றால், அதற்குத் தர்மம் என்று பெயரில்லை. வியாபாரம் என்று பெயர். கடக்கிறவனுக்குத் தன் பயணம்தான் நினைவில் இருக்க வேண்டும். பாலம் நினைவுக்கு வந்தால் அதில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

ஆனால் இது கொடுத்தவன் பக்கத்து நியாயம். வாங்கியவன் பக்கத்து நியாயம் வேறு. கொடுத்ததை மறப்பது பெருந்தன்மை. வாங்கியதை மறப்பது அப்படி அல்ல. அவனுடைய பெருந்தன்மையையே நம்முடைய அலட்சியத்துக்குச் சாக்காக வைத்துக்கொள்கிறோம். செத்துப்போன உஸ்கானுக்கு நம் நன்றியினால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆக வேண்டியதெல்லாம் நமக்குத்தான். யார் கட்டியது, யார் வெட்டியது என்று கேட்காத ஊர் மெல்ல மெல்லச் சத்திரமாகிவிடும். சத்திரத்தில் இரவு தங்குகிறவன் சுவரில் ஆணி அடிக்கவும் தயங்கமாட்டான்.

பிறர் பார்க்காததைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பாதி ஜம்பம். முதல் நாள் எனக்கு வந்த பெருமை அந்த ரகம்தான். மறுபாதி, பார்த்த பிறகு நமக்குள் எழும் கேள்வியைப் பொறுத்தது. 'இதை நான் பார்த்துவிட்டேன்' என்று முடிந்தால் அது கணக்கில் சேர்ந்த இன்னோர் இடம். 'இவனுக்கு நான் என்ன பட்டிருக்கிறேன்' என்று தொடங்கினால் அது யாத்திரை.

இப்படி நான் எனக்குள் பேசிக்கொண்டிருக்க, சித்தப்பா கல்லை விட்டுவிட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே போய் நின்றார். கீழே அடையாறு கறுத்துக் கிடந்தது. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாலத்தைப் பழுது பார்க்க அந்த மனுஷன் பணம் வைச்சுட்டுப் போனான், சரி. ஆத்துக்கு யாருப்பா வைச்சீங்க?"

'வைச்சாங்க' என்று அவர் கேட்டிருக்கலாம். 'வைச்சீங்க' என்றுதான் கேட்டார்.